திருவல்லிக்கேணி அறை: சில சரித்திரக் குறிப்புகள்

சிறு பத்திரிகைகளின் கவிதைகளிலும் கதைகளிலும் மேன்ஷன் அறை ஒரு நிரந்தரப் பாத்திரம். ஒற்றை ஜன்னல், கொடியில் ஈரத்துண்டு, மின்விசிறியைப் பார்த்தபடி மல்லாந்து கிடக்கும் இளைஞன். அவன் பட்டதாரி, ஊரிலிருந்து வந்தவன், பேச ஆளில்லாதவன். இந்தக் காட்சிக்கு நாம் வைத்திருக்கும் ஒரே பெயர் அந்நியமாதல். காம்யு, காஃப்கா வழியாக வந்து சேர்ந்த இந்தச் சொல்லை அறைக்கதவில் ஒட்டிவிட்டால் விமர்சன காரியம் முடிந்ததென்று நினைக்கிறோம். அந்த அறை எப்படி ஏற்பட்டது, அதற்கு முன்னால் அந்தப் பட்டதாரி எங்கே படுத்தான், யார் அவனை உள்ளே விட்டார்கள், யார் விடவில்லை என்று கேட்கத் தொடங்கினால், அந்நியம் என்ற சொல்லுக்கே வேறு அர்த்தம் கிடைக்கக்கூடும் என்பது என் எண்ணம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் ஏற்பட்டது. அதன் முதல் பி.ஏ. பரீட்சையில் தேறியவர்கள் இரண்டே பேர்: சி.வை. தாமோதரம் பிள்ளை, விசுவநாத பிள்ளை. இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஆக, இந்த நகரத்தின் முதல் பட்டதாரிகளே வெளியூர்க்காரர்கள்தாம். பட்டதாரி என்பவன் சொந்த வீடில்லாத ஊரில் பிழைக்க வந்தவன் என்ற விதி அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது. பல்கலைக்கழகமோ லண்டனைப் பார்த்துப் பரீட்சை நடத்துவதற்கென்று அமைக்கப்பட்ட ஸ்தாபனம். பாடம் சொல்வதைக் கல்லூரிகளிடம் விட்டது. படித்து முடித்தவன் எங்கே தங்குவான் என்பது யாருடைய கவலையாகவும் இருக்கவில்லை.

கவலைப்பட்டது திருவல்லிக்கேணி மட்டும்தான். அதற்குக் காரணம் கருணை அல்ல, பூகோளம். 1870-ல் மாநிலக் கல்லூரி சேப்பாக்கம் கடற்கரைக் கட்டடத்துக்கு வந்தது. 1879-ல் செனட் மண்டபம் முடிந்தது. இரண்டுக்கும் பின்பக்கம், நடக்கிற தூரத்தில், பார்த்தசாரதி கோயிலைச் சுற்றி நெருக்கமான வீதிகள். அவற்றில் திண்ணையும் ரேழியும் முற்றமும் இரண்டாம் கட்டும் கொண்ட வீடுகள். மறுபக்கம் நவாபின் சேப்பாக்கம் அரண்மனை, 1795-ல் கட்டிய வாலாஜா மசூதி, அதை ஒட்டி வளர்ந்த முஸ்லிம் தெருக்கள். இரண்டு உலகங்களுக்கு நடுவில் கல்லூரி வந்து உட்கார்ந்தது. 1878-ல் ஆறு இளைஞர்கள் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதிகள் அச்சடித்து 'தி ஹிந்து'வைத் தொடங்கினார்களே, அவர்களைத் 'திருவல்லிக்கேணி அறுவர்' என்றுதான் சரித்திரம் சொல்கிறது. ஒரு பேட்டையின் பெயர் படித்த இளைஞர்களின் அடைமொழியானது சென்னையில் அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

நடக்கிற தூரம் என்றேன். இதுதான் அன்றைய வாடகைக் கணக்கின் முதல் இலக்கம். 1895-ல் மின்சார டிராம் ஓடத் தொடங்கிய பிறகும் டிராம் காசை மிச்சம் பிடிப்பதுதான் குமாஸ்தாவின் பொருளாதாரம். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதை (1943) பிராட்வே முனையில் ஒருவர் திருவல்லிக்கேணிக்கு டிராமில் போவதா, பஸ்ஸில் போவதா, எதில் போனால் வெற்றிலைக்கு மிஞ்சும், எதில் போனால் காப்பிக்கு மிஞ்சும் என்று கணக்குப் போடுவதில் தொடங்குகிறது. கடவுள் வருவது அப்புறம்தான். அந்த வரிசை தற்செயலானதல்ல என்றே நினைக்கிறேன். திருநெல்வேலியில் பி.ஏ. முடித்துவிட்டுச் சென்னைக்கு வந்தவருக்கு அந்த அரையணாவின் கனம் தெரியும்.

இந்தக் கணக்கை ஒரே ஆளின் முகவரிகளில் அப்படியே பார்க்க வேண்டுமானால் கணித மேதை ராமானுஜனைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் எஃப்.ஏ.யில் தவறியவர், பட்டதாரி அல்ல, பி.ஏ. அவருக்கு 1916-ல் கேம்பிரிட்ஜில்தான் கிடைத்தது. இருந்தாலும் அவருடைய நடமாட்டம் எந்தப் பட்டதாரியுடையதும்தான். 1912 பிப்ரவரியில் துறைமுக அலுவலகத்துக்கு வேலை கேட்டு எழுதிய கடிதத்தில் கொடுத்த முகவரி திருவல்லிக்கேணி, சம்மர் ஹவுஸ். மாதம் 30 ரூபாயில் குமாஸ்தா வேலை கிடைத்ததும் ஜாகை ஜார்ஜ் டவுனுக்கு, சைவ முத்தையா முதலித் தெருவுக்கு மாறுகிறது. அங்கிருந்து துறைமுகம் பக்கம். 1913-ல் பல்கலைக்கழகம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுத்ததும் மறுபடி திருவல்லிக்கேணி, ஹனுமந்தராயன் கோயில் தெரு. வேலை போகிற இடத்துக்குப் படுக்கை போகிறது. இரண்டு பேட்டைகளிலும் அவரால் நுழைய முடிந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தூரமும் வாடகையும் அவருடைய பிரச்னைகள். கதவு அவருடைய பிரச்னை அல்ல.

எல்லாருக்கும் அப்படி இருக்கவில்லை. அந்நாளில் யாரும் வாடகை அறையைத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்ல முடியாது. மாமா வீடு, ஒன்றுவிட்ட அத்தை வீடு, ஊர்க்காரர் ஒருவரின் மாடி, தகப்பனார் எழுதிக் கொடுத்த சிபார்சுக் கடிதம் இப்படித்தான் இடம் அமைந்தது. இடம் கொடுக்கிறவருக்குத் தெரிய வேண்டியது மூன்று: யார் பிள்ளை, எந்த ஊர், என்ன குலம். காரணம் வீட்டின் அமைப்பிலேயே இருந்தது. கிணறு ஒன்று, கொல்லை ஒன்று, நடைவழி கூடத்துக்குள்ளே. புதிதாக வருகிறவன் கிணற்றில் வாளியை இறக்குவான், மடித்துணி உலர்கிற கொடிக்குக் கீழே நடப்பான். அவனுக்கு அறை கொடுப்பதென்றால் கிணற்றைக் கொடுப்பதென்று அர்த்தம். ஷேக்ஸ்பியரில் அவன் வாங்கிய மார்க்கு இதில் செல்லாது.

இரட்டைமலை சீனிவாசன் 1939-ல் வெளியிட்ட தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் கோயம்புத்தூர்க் கல்லூரியில் படித்த நாட்களைப் பற்றிச் சொல்லுகிறார். சக மாணவர்களோடு சிநேகமானால் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் தெரிந்துபோகும் என்ற பயத்தில் வெளியே எங்கேயாவது படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போனாராம். அவர் பயந்த பட்டியலில் இருப்பிடம் தனியாக இடம்பெறுவதை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். நமக்கு முகவரி என்பது கடிதம் வருவதற்கான ஏற்பாடு. அவருக்கு அது காட்டிக்கொடுக்கிற சாட்சி.

இதே விஷயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சென்னையை விட்டுப் பரோடா வரை போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. 1917-ல் அம்பேத்கர், கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, தன்னைப் படிக்கவைத்த சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்க்கப் பரோடாவுக்கு வருகிறார். ஸ்டேஷனில் இறங்கியவுடன் எழுந்த கேள்வி எங்கே தங்குவது என்பதுதான். இந்து விடுதிகள் சேர்க்கா. ஒரு பார்சி சத்திரத்தில், நாளைக்கு ஒன்றரை ரூபாய்க்கு, பார்சிப் பெயரில் பதிவு செய்துகொண்டு தங்குகிறார். பதினோராம் நாள் தடிகளோடு பன்னிரண்டு பார்சிகள் மாடியேறி வந்து, சாயங்காலத்துக்குள் வெளியேறச் சொல்லுகிறார்கள். இரண்டு நண்பர்களிடம் கேட்கிறார். ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர். இருவரும் மரியாதையாகத் தட்டிக்கழிக்கிறார்கள். பொதுத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய்க்குப் போய்விடுகிறார். புதிதாகப் பட்டம் வாங்கியவன் வேலை பார்க்கும் ஊரில் அறை தேடிய சரித்திரங்களில் இதைவிடப் பூரணமானது வேறில்லை. அறை கிடைக்காததால் உத்தியோகமே போயிற்று. அந்தச் சத்திரத்து அறை இருட்டாகவும் ஆளரவம் இல்லாமலும் இருந்ததென்று அவரே எழுதியிருக்கிறார். தனிமை அவரை வாட்டியது. ஆனால் அவரை வெளியேற்றியது தனிமை அல்ல, அடையாளம் தெரிந்துபோனது.

சென்னைக்குத் திரும்புவோம். இந்த நகரத்தில் வாடகை என்பது சர்க்கார் தலையிடும் விவகாரமானது இரண்டாம் யுத்த காலத்தில். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் விசாகப்பட்டினத்தில் குண்டு போட்டதும் சென்னை காலியாயிற்று. பூட்டிய வீடுகளுக்கு ஆள் தேடினார்கள். அந்தக் காலி வெகுநாள் நீடிக்கவில்லை. 1941-ல் ஏறக்குறைய 7.77 லட்சமாக இருந்த ஜனத்தொகை 1951-ல் 14 லட்சத்தைத் தாண்டியது. 1946-ல் நகர எல்லை விரிந்ததும் இதில் அடக்கம்தான். ஆனாலும் நெருக்கடி உண்மையானது. யுத்தகால உத்தரவாகத் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாடு 1946-லும் 1949-லும் சட்டமாகி, 1960-ல் நமக்கெல்லாம் தெரிந்த உருவத்தை அடைந்தது. நியாய வாடகை, காலி செய்யச் சொல்வதற்குத் தக்க காரணம், வீடு காலியானால் ஏழு நாட்களுக்குள் அதிகாரிக்குத் தகவல் என்பவை அதன் முக்கிய அம்சங்கள். ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாதென்றும் அதில் இருந்தது. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துக் குடிபோன சென்னைவாசிகள் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.

இந்தச் சட்டத்தைக் குடியிருப்போரின் சாசனம் என்று சொல்வது வழக்கம். வாஸ்தவம்தான், ஏற்கனவே குடியிருப்பவனுக்கு. இனிமேல்தான் வரப்போகிறவனுக்கு அது என்ன செய்தது? குடிவைத்தால் கிளப்ப முடியாது என்று வீட்டுக்காரர்களுக்குப் பட்டவுடன் அவர்கள் ஆள் பார்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள்; ஆள் பார்ப்பது என்றால் மறுபடி அதே மூன்று கேள்விகள். வாடகையை ஏற்ற முடியாத இடத்தில் நம்பிக்கைக்கு விலை கூடியது. கல்யாணமாகாதவனுக்கு நாலாவதாக ஒரு தடையும் உண்டு: வீட்டில் வயதுப்பெண் இருக்கிறாள். 'பிரம்மச்சாரிகளுக்கு இல்லை' என்ற பலகையின் சரித்திரத்தில் சட்டத்துக்கும் பங்குண்டு என்பது என் கட்சி.

இன்னொரு விசேஷம், 1960 சட்டத்தின் ஆரம்பத்திலேயே, 'கட்டடம்' என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில் இருக்கிறது. வீடு, குடிசை, அவற்றின் பகுதி, தோட்டம், கொட்டகை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, ஹோட்டலிலோ போர்டிங் ஹவுஸிலோ உள்ள அறை இதில் சேராது என்று முடித்திருக்கிறார்கள். சட்டம் எழுதியவர்கள் வழிப்போக்கனை மனதில் வைத்திருப்பார்கள். ஆனால் தன்னை லாட்ஜ் என்று பதிந்துகொண்ட மேன்ஷனில் பன்னிரண்டு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவனும் இந்த ஒரு வரியால் வழிப்போக்கனாகிவிடுகிறான். அவனுக்கு நியாய வாடகை கிடையாது, நோட்டீஸ் கிடையாது. ஒப்பந்தத்துக்குப் பதில் ஒரு ரிஜிஸ்தரில் கையெழுத்து. (வங்கிக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு இதன் பின்விளைவு தெரியும். புதிதாக வேலைக்கு வந்த பையன் கணக்குத் தொடங்க வருகிறான். முகவரிச் சான்று கேட்டால் தூத்துக்குடியிலோ தர்மபுரியிலோ இருக்கும் வீட்டைக் காட்டுகிற காகிதத்தைத்தான் நீட்டுகிறான். அவன் இருக்கும் இடத்துக்குக் காகிதம் இல்லை. காகிதம் இருக்கும் இடத்தில் அவன் இல்லை.)

சட்டம் கைவிட்டதென்னவோ சரி. ஆனால் இந்த இடத்தில்தான் நம் அந்நியமாதல்காரர்களோடு எனக்குச் சண்டை. சுதந்திரத்துக்குப் பிறகு தலைமைச் செயலகம் பெருத்தது. 1956-ல் எல்.ஐ.சி. வந்தது, 1969-ல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. ஜில்லாக்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களில், குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர்கள் அதிகம். இடஒதுக்கீட்டின் வழியே வந்தவர்கள் அதில் கணிசம். அவர்களுக்குச் சென்னையில் மாமா வீடு கிடையாது. சிபார்சுக் கடிதம் எழுதித்தர ஆளும் கிடையாது. பெரிய தெருவிலும் பெல்ஸ் ரோட்டிலும் வல்லப அக்ரஹாரம் தெருவிலும் எழும்பிய மேன்ஷன்கள் அவர்களை எப்படி வாங்கிக்கொண்டன? அங்கே சொந்தக்காரர் குடியிருப்பதில்லை. கிணறு இல்லை, சமையற்கட்டு இல்லை, உலரும் மடித்துணி இல்லை. மாடிக்கு இரண்டு கக்கூஸ், வராந்தாக் கோடியில் குழாய், மொட்டைமாடியில் பொதுக் கொடி. கட்டில் கணக்கில் வாடகை வாங்குகிறவருக்குக் குலம் விசாரிப்பது கட்டுப்படியாகாது. கட்டில் காலியாகக் கிடந்தால் நஷ்டம். எந்த ஆபீஸ், எத்தனாம் தேதி சம்பளம் என்று இரண்டு கேள்விகள். மேன்ஷன்காரர்கள் எல்லாரும் சாதி பாராத உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுடைய லாபம் அவர்களை அப்படி நடக்கவைத்தது. அக்ரஹாரம் என்ற பெயரைச் சுமந்துகொண்டிருக்கும் தெருவில் யார் பிள்ளை என்று கேட்காமல் சாவி கொடுத்தார்கள் என்பது சின்ன விஷயமா?

அறை கிடைத்தால் போதாது, சாப்பாடு வேண்டும். திருவல்லிக்கேணியை ஒருவன் பொறுக்கியெடுத்ததற்கு மெஸ்கள் பாதிக் காரணம். அங்கேயும் இந்தக் கதை நடந்தது. 1957-ல் பெரியார் 'பிராமணாள்' பலகைக்கு எதிராகக் கிளர்ச்சி நடத்தத் தேர்ந்தெடுத்தது திருவல்லிக்கேணி முரளி கபேயைத்தான். மாதக்கணக்கில் மறியல், தினமும் கைது. 1958-ல் பலகை மாறியது. தெருவில் எவனும் எங்கேயும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதும், மாடியில் எவனும் எந்தக் கட்டிலிலும் படுக்கலாம் என்பதும் ஒரே பேட்டையில் ஏறக்குறைய ஒரே தலைமுறையில் நிகழ்ந்தவை. முன்னதற்குப் போராட்டம் நடந்தது, அதனால் சரித்திரத்தில் இருக்கிறது. பின்னது வாடகை ரசீதுகளோடு போய்விட்டது.

நம் உரைநடை ஒண்டுக்குடித்தனத்தை நன்றாகவே எழுதியிருக்கிறது. அசோகமித்திரனின் 'தண்ணீர்' (1973) போல, வாடகைக்கிருப்பவளின் ஒரு குடம் தண்ணீருக்குள் முழு நகரத்தையும் பார்த்த நாவல் நமக்கு உண்டு. மேன்ஷனை அந்தக் கண்ணால் பார்த்த எழுத்து எனக்குக் கிடைக்கவில்லை. காரணம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் திண்ணையைப் பறிகொடுத்தவர்களாக அந்த அறைக்குள் வந்ததுதான் என்று சந்தேகிக்கிறேன். பறிகொடுத்தவனுக்கு அறை அந்நியம். திண்ணையில் உட்காரவே விடப்படாதவனுக்கு, பக்கத்துக் கட்டில்காரன் தன் பெயருக்கு மேல் எதுவும் கேட்காத அந்த மௌனம் என்னவாக இருந்திருக்கும்? அதை அவன் தனிமை என்று சொல்லியிருப்பானா? இரண்டு பேரும் ஒரே மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். ஒருவனுடைய கவிதை மட்டும் அச்சில் வந்தது.

பெண்கள் விஷயம் தனி. சென்னை ராஜதானியின் முதல் பிராமண விதவைப் பட்டதாரியான சகோதரி சுப்பலட்சுமி 1911-ல் பி.ஏ. முடித்தார். அவர் வாழ்க்கையில் வீடு தேடுவது என்பது ஒருத்திக்கு அறை தேடுவதாக இருக்கவில்லை. தன்னைப் போன்ற சிறுமிகளுக்கு ஒரு விடுதியை உண்டாக்குவதாக இருந்தது. எழும்பூரில் தொடங்கியது பிறகு திருவல்லிக்கேணிக் கடற்கரை ஐஸ் ஹவுஸுக்குப் போயிற்று. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த கட்டடம் அது. அதற்குப் பிறகும் படித்த பெண்ணுக்கு இந்த நகரம் கொடுத்தது விடுதிதான். வார்டன், வருகைப் பதிவு, இரவில் கதவடைக்கும் நேரம். திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் ஆண்களுக்கானவை. விலாசம் கேட்காத அறை என்று நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த வஸ்து பாதி ஜனத்துக்குக் கிடைக்கவில்லை. 2014-ல் பெண்கள் விடுதிகளுக்கென்றே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. விடுதி நடத்தக் கலெக்டரிடம் உரிமம் பெற வேண்டும். பாதுகாப்புக்காகத்தான். பாதுகாப்பு என்ற பெயரில் பழைய மூன்று கேள்விகளும் தகப்பனார் கையெழுத்தோடு படிவத்தில் திரும்பி வருவதைப் பார்க்கிறேன்.

1960 சட்டம் இப்போது இல்லை. 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. நியாய வாடகை போயிற்று. எழுத்தில் ஒப்பந்தம், அதற்குப் பதிவு எண். வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது. புதுப் பட்டதாரிகளும் திருவல்லிக்கேணியை விட்டுப் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் போய்விட்டார்கள். துரைப்பாக்கத்திலும் சோழிங்கநல்லூரிலும் கம்பெனிக்குப் பக்கத்தில் படுக்கை தேடுவது ராமானுஜனின் அதே கணக்குதான். அங்கே நாலு பேர் சேர்ந்து வீடு எடுக்கப் போனால் தரகர் முதலில் கேட்பது சம்பளத்தை அல்ல. சாப்பாட்டில் சைவமா என்று கேட்கிறார். முஸ்லிம் பையனாக இருந்தால் பெயரைச் சொன்னவுடன் வீடு நேற்றே முடிந்துவிட்டதாகச் சொல்லிவிடுகிறார். அந்தப் பையன்களில் சிலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெல்ஸ் ரோட்டுக்கே வந்து, வராந்தாக் கோடிக் குழாயடியில் வரிசையில் நிற்கிறார்கள்.